ப்ரோலாங்: அந்த ஒரு 'ட்' எங்க சார் போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் குடுக்குறீங்களே, அத நான் விடாம படிக்கிறவன். போன வாரம் ப்ரோலாங். மொத்தமே ரெண்டு வரி. ப்ரோன்னா ஆதரவு, லாங்னா நீளம், அதனால ப்ரோலாங்னா நீடித்தல்னு போட்டிருந்தீங்க. ரெண்டு வரியில ரெண்டு தப்பு சார். மொத தப்பு லத்தீன் தப்பு, அத விட்டுடலாம், யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது. ரெண்டாவது தமிழ்த் தப்பு, அதுக்குத்தான் இந்த லெட்டர். ஆனா மொத தப்ப பத்தி ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ப்ரோங்கிறதுக்கு ஆதரவுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ப்ரோ, கான்னு சொல்றாங்களே, ஆதரவா எதிர்ப்பான்னு, அது அந்த ப்ரோதான். ஆனா லத்தீன்ல இந்த ப்ரோ ஒரே வேலைய மட்டும் பாக்குற ஆளு இல்ல. முன்னால, முன்னோக்கி, பதிலா, சார்பா, எல்லாமே அதுதான். ப்ரோலாங்ல வர்றது முன்னோக்கிங்கிற ப்ரோ. லாங்கஸ்னா நீளம். ரெண்டும் சேந்து ப்ரோலாங்காரே, அதாவது ஒண்ணை முன்னோக்கி நீளமாக்குறது. ஒரு கயித்த ஒரு முனையில புடிச்சிக்கிட்டு இன்னொரு முனைய முன்னாடி தள்ளிக்கிட்டே போற மாதிரி. நீளத்துக்கு ஆதரவு குடுக்குறதுக்கு அது என்ன கட்சியா. (இப்ப பசங்க சொல்ற ப்ரோ வேற ப்ரோ, அது பிரதர், இதுல சேராது.)

லத்தீன்ல இருந்து நேரா இங்கிலீஷுக்கு வரல அது. ஃபிரெஞ்சு வழியா சுத்தி, 15ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இங்கிலீஷ்ல வந்து உக்காந்துது. வந்ததுல இருந்து அர்த்தம் பெருசா மாறல, நேரத்த நீளமாக்குறது, அவ்வளவுதான். ஆனா அதே லத்தீன் வேர்ல இருந்து, அதே ஃபிரெஞ்சு பாதையில, இன்னொரு வார்த்தையும் வந்துச்சு, பர்லாயின். இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், திருடுறதுன்னு அர்த்தம், அதுவும் நைசா சுட்டுக்கிட்டுப் போறது. ப்ரோலாங்குக்கும் திருட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு நானும் மொதல்ல முழிச்சேன். சம்பந்தம் என்னன்னா, ஃபிரெஞ்சுக்காரங்க வாயில நீளம்ங்கிறது தூரம்னு ஆயிடுச்சு. அப்ப பர்லாயின்னா தூரமா வைக்கிறது, தள்ளி வைக்கிறது. உங்க கைக்கு எட்டாத தூரத்துக்கு ஒரு பொருள தள்ளி வச்சா அதுக்குப் பேரு என்ன? 16ஆம் நூற்றாண்டுல அந்த வார்த்தை திருட்டுன்னே ஆகிப்போச்சு. கூடப்பொறந்த ரெண்டு பேரு, ஒருத்தன் நேரத்த நீட்டுறான், இன்னொருத்தன் பொருள நீட்டிக்கிட்டுப் போயிடுறான். நம்ம பேச்சுலயும் "கம்பி நீட்டிட்டான்"னு சொல்றோம் பாருங்க, அதுலயும் நீட்டு வந்து நிக்குது, ஆனா இது தற்செயல்தான், இத வச்சு இங்கிலீஷ் தமிழ்ல இருந்துதான் வந்துச்சுன்னு யாரும் கெளம்பிடாதீங்க.

இன்னொண்ணு. லத்தீன் வார்த்தை வர்றதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் நேரத்த நீட்டவே இல்லையான்னா, நீட்டினான். லாங்ங்கிறது அவன் சொந்த வார்த்தையும்தான், லத்தீன் லாங்கஸுக்கும் அதுக்கும் ரொம்பப் பழைய காலத்து உறவு. பழைய இங்கிலீஷ்ல லெங்கன்னு ஒரு வினைச்சொல், நீளமாக்கு, நீட்டிவைன்னு அர்த்தம். அது போன எடம் தெரியுமா, லிங்கர்னு மாறி உக்காந்திருக்கு. பார்ட்டி முடிஞ்சும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்களே சில பேரு, போக மனசில்லாம, அதுதான் லிங்கர். லாங்கிங்னு ஏக்கத்துக்கு ஒரு வார்த்தை இருக்கே, அதுவும் இந்த வீடுதான், ஒண்ணுக்காக காத்துக்கிட்டு இருக்கும்போது நேரம் நமக்கு நீளமா தெரியுதுல்ல, அந்த நீளம்தான் ஏக்கம். எனக்குப் புடிச்ச வார்த்தை இது. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்த லெண்ட்னு சொல்றாங்களே, அதுவும் வசந்த காலத்துக்கான பழைய வார்த்தைதான், பகல் நீள ஆரம்பிக்கிற காலம்ங்கிற அர்த்தத்துல வந்ததுன்னு சொல்றாங்க.

சரி, இப்ப தமிழ்த் தப்புக்கு வர்றேன்.

ப்ரோலாங்னா நீடித்தல் இல்ல சார், நீட்டித்தல். ஒரு ட் கம்மியா இருக்கு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைன்னு படிச்சோம்ல, ஒரு தடவ கண்ண இமைக்கிற நேரத்துல பாதி, அந்த அரை மாத்திரைய முழுங்கிட்டீங்க. அரை மாத்திரைக்கு இவ்வளவு பெரிய லெட்டரான்னு கேப்பீங்க. ஆமா, ஏன்னா அந்த அரை மாத்திரையிலதான் ஆள் ஒளிஞ்சிருக்கான்.

வண்டி ஓடுது, டிரைவர் ஓட்டுறாரு. தொட்டில் ஆடுது, அம்மா ஆட்டுறாங்க. பூ வாடுது, வெயில் வாட்டுது. கூட்டம் கூடுது, தலைவர் கூட்டுறாரு. எல்லாத்துலயும் ஒத்த ட-வா இருந்தா அது தானா நடக்குது, ட் சேந்து ரெட்டிச்சா அத ஒருத்தர் நடத்துறாங்க. அதே மாதிரிதான் நீடு, நீட்டு. அதுல இருந்து வந்ததுதான் நீடிக்கிறதும் நீட்டிக்கிறதும். மழை நீடிக்குது, மழைய யாரும் நீட்டிக்கல. குழப்பம் நீடிக்குது. ஆனா பதவிக்காலத்த ஒருத்தர் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிறாரு, கடைசித் தேதிய ஒரு அலுவலகம் நீட்டிக்குது. தமிழ் தெரிஞ்ச எந்தக் குழந்தைக்கும் வாய்ல இது தானா சரியா வரும், இலக்கணமே தேவையில்ல. ஆனா பேப்பர்ல பாருங்க, "விண்ணப்பிக்க கால அவகாசம் நீடிப்பு"ன்னு தலைப்பு. கால அவகாசம் என்ன மழையா, அதுபாட்டுக்கு பேஞ்சுக்கிட்டே இருக்க? யாரோ ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணித்தான நீட்டிச்சாங்க, அந்த ஆள அந்த ட் காட்டிக் குடுக்கும், நீங்க ட்-ய எடுத்தீங்க, ஆளும் காணாமப் போயிட்டாரு.

இப்ப ப்ரோலாங்க எடுத்துக்குங்க. இங்கிலீஷ்ல அது செயப்படுபொருள் கேக்குற வினை. ஒருத்தர் ஒண்ண ப்ரோலாங் பண்ணனும். மீட்டிங் தானா நீண்டுபோச்சுன்னு சொல்றதுக்கு மீட்டிங் ப்ரோலாங்ட்னு எழுதினா இங்கிலீஷ் வாத்தியார் சிவப்பு மையில சுழிப்பாரு, மீட்டிங் வாஸ் ப்ரோலாங்ட்னு எழுதணும், அப்படி எழுதினா உடனே யார் நீட்டினதுன்னு ஒரு கேள்வி கூடவே வரும். தானா நீடிக்கிறதுக்கு அவங்க வேற வார்த்தை வச்சிருக்காங்க, லாஸ்ட், பெர்சிஸ்ட், நான் சொன்ன லிங்கர், இப்படி. நமக்கு ஒரே வார்த்தையில ஒரு ட் போதும், அவங்களுக்கு தனித்தனி வார்த்தை. ஆக, தமிழுக்கு கையில இருக்குற ஒரு நல்ல வசதிய தமிழ் பேப்பரே தொலைச்சா எப்படி.

வேடிக்கை என்னன்னா, நம்ம ஆளுங்க இங்கிலீஷ் வார்த்தைய தமிழ்ல கலந்து பேசும்போது கூட இந்த ட் வேலைய விடாம செய்யிறாங்க. "ஸ்ட்ரைக் ப்ரோலாங் ஆகுது"ன்னு ஒரு பேச்சு, "வேணும்னே ப்ரோலாங் பண்றாங்க"ன்னு ஒரு பேச்சு. ஆகுதுன்னா நீடிக்குது, பண்றாங்கன்னா நீட்டிக்கிறாங்க. இங்கிலீஷ்ல இல்லாத வித்தியாசத்த ஆகு, பண்ணு ரெண்டையும் வச்சு நாம உள்ள சொருகிட்டோம். நான் ரொம்ப வருஷம் ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டினவன், அங்க எந்த ஃபைல் லேட்டானாலும் "கொஞ்சம் ப்ரோலாங் ஆகுது சார்"ம்பாங்க, ஒருத்தர் கூட "நான் ப்ரோலாங் பண்றேன் சார்"னு சொல்லி கேட்டதில்ல. ஃபைல் ஒருத்தர் டேபிள்ல அவரு டம்ளருக்கு அடியில மூணு வாரம் கெடக்கும், மேல வட்டமா கறை கூட படிஞ்சிருக்கும், ஆனா அது ஆகுது. தானா ஆகுது. நீடிப்புன்னு தலைப்புப் போடுறவங்களுக்கும் இந்த டம்ளர்காரருக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புரியல, கோவிச்சுக்காதீங்க.

ப்ரோலாங்ட்னு பெயரடையா வரும்போது மட்டும் நீடித்தன்னு போட்டா தப்பில்ல, அத ஒத்துக்கிறேன். ப்ரோலாங்ட் ட்ரவுட்டுன்னா நீடித்த வறட்சி, அத நீட்டித்த வறட்சின்னு எழுதினா வானத்து மேல கேஸ் போடணும். ஆனா அங்கயும் ஒரு நுணுக்கம் இருக்கு. வெறும் லாங்குக்கும் ப்ரோலாங்டுக்கும் ஒரு சின்ன வித்தியாசம், இருக்க வேண்டிய அளவ தாண்டி நீண்டா அது ப்ரோலாங்ட். லாங் இல்னஸ்னாலும் நோய்தான், ஆனா இரங்கல் செய்தியில ஆஃப்டர் எ ப்ரோலாங்ட் இல்னஸ்னு போடும்போது, பாவம் ரொம்ப நாள் அனுபவிச்சுட்டாங்கங்கிற தொனி வருது பாருங்க.

டாக்டருங்களுக்கு இது தொனி இல்ல, அளவு. ஈசிஜி எடுத்தவங்க யாராவது ரிப்போர்ட்ல ப்ரோலாங்ட் க்யூடின்னு பாத்திருப்பீங்க. இதயத்தோட கீழ் அறைங்க சுருங்க ஆரம்பிக்கிறதுல இருந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகுற வரைக்கும் ஆகுற மின்சார நேரம்தான் க்யூடி. அந்த ரோஸ் கலர் கட்டம் போட்ட பேப்பர் ஒரு செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் ஓடும், அதுல ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். க்யூடி 450 மில்லிசெகண்ட் பக்கம் தாண்டினாலே டாக்டர் கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டு இன்னொரு தடவ பாப்பாரு, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேப்பாரு, ஏன்னா சில மருந்துகளே அந்த நேரத்த நீட்டும், ரொம்ப நீண்டா துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். அரை செகண்டு கூட இல்லாத ஒரு நேரத்துல ஒரு கட்டம் ரெண்டு கட்டம் கூடினா ப்ரோலாங்ட். மூணு வாரம் கெடந்த ஃபைலும் ப்ரோலாங்ட். எவ்வளவு நீளம்ங்கிறது கணக்கே இல்ல, முடிய வேண்டிய எடத்துல முடிஞ்சுதாங்கிறதுதான்.

இத நான் அகராதியில கத்துக்கல. எங்க அம்மாவோட கடைசி நாட்கள்ல ஐசியூ வாசல்ல கத்துக்கிட்டேன். டாக்டர் நல்ல மனுஷன், சின்ன வயசு, என்னைய ஓரமா கூட்டிட்டுப் போயி இங்கிலீஷும் தமிழுமா மெதுவா சொன்னாரு, "இனிமே நாம பண்றது எல்லாம் ஜஸ்ட் ப்ரோலாங் பண்றதுதான் சார்"னு. எதன்னு அவரு சொல்லல. உயிரையா, வேதனையையா. ப்ரோலாங் செயப்படுபொருள் கேக்குற வினைன்னு மேல சொன்னேன்ல, அந்தப் பொருள அவரு வாயால சொல்லாம விட்டுட்டாரு, நான்தான் அந்த எடத்த நிரப்பிக்கணும். அதே நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த எங்க பெரியம்மா யாருக்கோ போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, "இழுத்துக்கிட்டு இருக்குடீ"ன்னு. யாரு இழுக்குறா, எத இழுக்குதுன்னு அதுலயும் கெடையாது. டாக்டர் வாக்கியத்துல பொருள் இல்ல, பெரியம்மா வாக்கியத்துல ஆள் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிக் கதவு.

பெரியம்மா சொன்னதுக்கு நேர் இங்கிலீஷ் ப்ரோலாங் இல்ல, ப்ரொட்ராக்ட். இது ப்ரோலாங்குக்கு ஒன்னுவிட்ட தம்பி. ட்ராஹெரேன்னா லத்தீன்ல இழுக்குறது, டிராக்டர் அங்க இருந்து வந்ததுதான், நெலத்துல இழுக்குற வண்டி. ப்ரொட்ராக்ட்னா முன்னோக்கி இழுக்குறது, 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்ல நேரத்த இழுக்குறதுன்னு வந்துச்சு. ப்ரோலாங்ல நல்லதும் இருக்கலாம் கெட்டதும் இருக்கலாம், ஆயுச ப்ரோலாங் பண்ணலாம், சந்தோஷத்த ப்ரோலாங் பண்ணலாம். ப்ரொட்ராக்ட்ல சந்தோஷம் வராது, வழக்கு, பேச்சுவார்த்தை, சண்டை இதெல்லாம்தான் வரும். தமிழ்ல இதுக்கு வார்த்தை தேடவே வேண்டாம், இழுத்தடிக்கிறது, இழுபறி. "நீண்ட நாட்களாக நடைபெற்று வரும் வழக்கு"ன்னு நீங்க எழுதுற எடத்துல எல்லாம் "இழுத்தடிக்கப்படும் வழக்கு"ன்னு எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன், யாராவது உங்க மேல இன்னொரு வழக்கு போட்டு அதையும் இழுத்தடிப்பாங்க.

எங்க வீட்டு வாண்டு ஒருநாள் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்து கோணமானிய எடுத்து, அந்த அரை வட்ட பிளாஸ்டிக்க கண்ணாடி மாதிரி கண்ணுல வச்சுக்கிட்டு, "தாத்தா இத ஏன் ப்ரொட்ராக்டர்னு சொல்றாங்க, இது எத இழுக்குது?"ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி. ட்ராஹெரேக்கு கோடு இழுக்குறதும் அர்த்தம்தான், நாமளும் கோடு இழுன்னுதான சொல்றோம், இங்கிலீஷ்ல டிரா-வும் மொதல்ல இழுக்குறதுதான். கோணத்த குறிச்சுக்கிட்டு கோட்ட வெளிய இழுக்குறதுக்கான கருவி, அதனால ப்ரொட்ராக்டர். வாண்டுக்கு பாதி புரிஞ்சுது. ஹோம்வொர்க்க இழுத்தடிக்கிற நீதான் உண்மையான ப்ரொட்ராக்டர்னு அவங்க அம்மா உள்ள இருந்து சொன்னது முழுசா புரிஞ்சுது.

இந்தக் குடும்பத்துல இன்னொருத்தர் இருக்காரு, அவரு கதைதான் பெரிய தமாஷு. ப்ரோரோக். ரோகாரேன்னா லத்தீன்ல கேக்குறது. இன்டராகேட்ல வர்ற ரோக் அதுதான், விசாரிக்கிறது. பழைய ரோமாபுரியில கான்சல்னா ஆட்சியும் படையும் கையில இருக்குற உச்சப் பதவி, அது ஒரே ஒரு வருஷம். கி.மு. 327ல குவின்டஸ் பப்ளிலியஸ் ஃபிலோன்னு ஒரு கான்சல், இப்ப நேப்பிள்ஸ்னு சொல்ற ஊரு பக்கம் முற்றுகை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, வருஷம் முடியப் போகுது, கோட்டை இன்னும் விழல, இப்ப போயி ஆள மாத்துனா எல்லாம் பாழு. அதனால மக்கள் மன்றத்துல கேட்டாங்க, போர் முடியிற வரைக்கும் இவரே தளபதியா இருக்கட்டுமான்னு. மக்கள் சரின்னுட்டாங்க. மக்களக் கேட்டு காலத்த முன்னோக்கி நீட்டுனதுனால அதுக்குப் பேரு ப்ரோரோகாரே. ரோம்ல இப்படி நடந்தது அதுதான் மொத தடவ. அப்புறம் அவரு கான்சல் இல்ல, கான்சலுக்குப் பதிலா இருக்குறவரு, ப்ரோகான்சல். பாருங்க, ஒரே சம்பவத்துல ரெண்டு ப்ரோ, ஒண்ணு முன்னோக்கி, ஒண்ணு பதிலா, ஒண்ணு கூட ஆதரவு இல்ல. ஒரு வருஷத்துல முடிய வேண்டிய பதவி அந்த ஓட்டையில புகுந்து நீள ஆரம்பிச்சுது, பின்னாடி சீசர் காலத்துல அஞ்சஞ்சு வருஷமாவே எழுதிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் ரோமக் குடியரசு போயி பேரரசர் ஆட்சி வந்துடுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இங்கிலீஷுக்கு வந்தப்பவும் ப்ரோரோக்னா நீட்டிக்கிறதுதான், 15ஆம் நூற்றாண்டுல அப்படித்தான் எழுதியிருக்காங்க. அப்புறம் தள்ளிப் போடுறதுன்னு ஆச்சு. கடைசியில நாடாளுமன்றத்தக் கலைக்காம அந்தக் கூட்டத்தொடர மட்டும் முடிச்சு வைக்கிறதுன்னு தலைகீழா மாறிடுச்சு. நீட்டிக்கிறதுக்குப் பொறந்த வார்த்தை இப்ப முடிக்கிறதுக்கு வேலை பாக்குது. நம்ம அரசியல் சட்டத்துல 85ஆவது பிரிவுல குடியரசுத் தலைவருக்கும், 174ல ஆளுநருக்கும் குடுத்த அதிகாரத்துல இந்த ப்ரோரோக் இருக்கு, நீங்களும் "கூட்டத்தொடர் முடித்துவைப்பு"ன்னு சரியாத்தான் போடுறீங்க. 2019ல பிரிட்டன்ல போரிஸ் ஜான்சன் அரசு ப்ரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளியேறுற நெருக்கடிக்கு நடுவுல நாடாளுமன்றத்த அஞ்சு வாரத்துக்கு ப்ரோரோக் பண்ண வச்சாங்க, செப்டம்பர் 24ஆம் தேதி அவங்க உச்ச நீதிமன்றத்துல 11 நீதிபதிகளும் ஒரே குரல்ல அது சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு உலகம் பூரா நிறைய பேரு அகராதியத் தொறந்திருப்பாங்க, நானும் தொறந்தேன், தொறந்தவன் இன்னும் மூடல.

உங்கள பாராட்டவும் ஒரு எடம் இருக்கு, சும்மா திட்டிக்கிட்டே இருந்தா நல்லாருக்காது. அவை "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு"ன்னு போடுறீங்களே, அருமையான தமிழ். இங்கிலீஷ்ல அட்ஜர்ன்ட் சைனி டை. அட்ஜர்ன்ல ஜர்ன்னு வர்றது ஃபிரெஞ்சு நாள், ஜூர்னு சொல்வாங்க. ஒரு நாள் குறிச்சு தள்ளி வைக்கிறதுதான் அட்ஜர்ன். சைனி டைன்னா லத்தீன்ல நாள் இல்லாம. ஆக இங்கிலீஷ்காரன் சொல்றது, நாளில்லாத ஒரு நாளுக்குத் தள்ளி வச்சோம். அவனுக்கு இது உளறல்னு தெரியாது, ஏன்னா பாதி ஃபிரெஞ்சு பாதி லத்தீன். தமிழ்ல அந்த உளறல் இல்ல, ஒத்தி வச்சோம், தேதி குறிக்கல, முடிஞ்சுது. ஈழத்துப் பத்திரிகைகள்ல பிற்போடப்பட்டதுன்னு எழுதுவாங்க, அது இன்னும் அழகு, போஸ்ட்போன்ல போஸ்ட்னா பின்னால, பொனேரேன்னா வைக்கிறது போடுறது, பிற்-போடு, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உக்காருது. இதுல ஒண்ண கவனிச்சீங்களா, ப்ரோலாங்ல நேரம் முன்னோக்கிப் போகுது, போஸ்ட்போன்ல பின்னுக்குப் போகுது, ஆனா ரெண்டுலயும் நமக்கு வேலை லேட்டாத்தான் முடியும். கல்யாணத் தேதிய முன்னாடி தள்ளியாச்சுன்னு சொன்னா சீக்கிரமா, லேட்டான்னு நம்ம வீடுகள்லயே சண்டை வரும், அது தனிக் கதை.

ப்ரோகிராஸ்டினேட்ட பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுடறேன், க்ராஸ்னா லத்தீன்ல நாளைக்கு, நாளைக்குத் தள்ளுறதுதான் ப்ரோகிராஸ்டினேட். இதுக்குத் தமிழ்ல ஒத்த வார்த்தை இல்லன்னு உங்க பகுதியிலயே ஒரு தடவ எழுதினதா ஞாபகம். இருக்கு சார். மடியின்மை அதிகாரத்துல 605ஆவது குறள், நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன். அந்த நெடுநீர்தான் அது. நீளமான தண்ணி இல்ல, நீர்னா நீர்மை, குணம். சட்டுனு முடிக்க வேண்டியத நீட்டிக்கிட்டே போற குணம். மறதி, சோம்பல், தூக்கம் எல்லாத்துக்கும் முன்னாடி மொத ஆளா அத நிறுத்தி, கெட்டுப்போறவன் ஆசைப்பட்டு ஏறுற கப்பல்னு சொல்லிட்டாரு. லத்தீன்ல நாளைன்னு வச்சுக் கட்டின வார்த்தைய இவரு நீளத்த வச்சுக் கட்டியிருக்காரு, அதே நெடு, அதே நீடு, அதே நீள். நெடில்னு எழுத்துக்குப் பேரு வச்சோமே, ரெண்டு மாத்திரை நேரம் ஒலிக்கிறது, அதுவும் இந்தக் குடும்பம். அதையும் பத்தலன்னு மூணு மாத்திரைக்கு நீட்டுனா அளபெடை. நேரத்த எவ்வளவு நீட்டலாம்னு அரை அரையா அளந்து வச்ச மொழி சார் இது, அதனாலதான் அரை மாத்திரை காணாமப் போனா எனக்கு இவ்வளவு வலிக்குது.

நேத்து பேப்பர்ல கூட பாத்தேன், ஒரே பக்கத்துல மேல "போராட்டம் நீடிப்பு", கீழ "கெடு நீடிப்பு". மேல இருக்குறது சரி. கீழ இருக்குறது தப்பு, கெடுவ நீட்டிச்சது ஒரு அதிகாரி, செய்திக்குள்ள நாலாவது வரியில அவரு பதவி கூட போட்டிருக்கீங்க, தலைப்புல மட்டும் அவரு தப்பிச்சுட்டாரு. தலைப்புல எடம் பத்தலங்கிற சாக்கு வேண்டாம், நீடிப்புக்கும் நீட்டிப்புக்கும் அச்சுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

ஞாயித்துக்கிழமை பகுதிக்கு திருத்தம் போடுறதா இருந்தா ப்ரோவ பத்தி போடணும்னு கூட இல்ல, அது லத்தீன்காரன் பாடு. நீடித்தல்ங்கிறத நீட்டித்தல்னு மாத்திப் போட்டா போதும். "வருந்துகிறோம்" எல்லாம் வேண்டாம், அந்த எடத்துல அந்த ட்-ய மட்டும் கொஞ்சம் தடிமனா போடுங்க.

இப்படிக்கு,
விடாம படிக்கிற ஒரு வாசகன்